நான் போட்ட பூச்சி அட்டவணை

அந்தத் தாளை லேமினேட் செய்திருந்தார்கள். மூலையில் ஓட்டை போட்டு, மருந்தடிக்கும் டேங்கின் பிடியில் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எந்த வாரம், தண்ணீரின் சூடு, காற்று, பூச்சி கிளம்பும் நேரம், எத்தனை நிமிடம் நீடிக்கும் என்று ஐந்து பத்திகள். மூன்று வருடம் வெள்ளிக்கிழமைதோறும் முழங்கால் தண்ணீரில் நின்று நான் எழுதியவை. அதைப் பார்த்துப் பார்த்து ஒருவர் அதே தண்ணீரில் மருந்தடித்துக்கொண்டிருந்தார், நிமிடம் தவறாமல்.

இதை எழுதும்போதும் கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் வரிசையாகச் சொல்கிறேன். கோபத்தைக்கூட வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளத்தான் எனக்குத் தெரியும்.

மஸ்கட்டில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். லேபர் கேம்பின் தண்ணீர்த் தொட்டி, ஹோட்டல் நீச்சல் குளம், பள்ளிக்கூடக் கூலர் என்று போய் பாட்டிலில் பிடித்து வருவேன், அளப்பேன், படிவத்தில் எழுதுவேன். நகரத்தின் ரூவிப் பகுதியில் ஒரு நர்ஸுடன் சேர்ந்து ரூம். அவள் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் தூத்துக்குடி டவுன். கடல் பக்கத்தில் பிறந்தும் மீனைத் தட்டில்தான் பார்த்திருந்தேன்.

தூண்டில் கைக்கு வந்தது தற்செயல். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் வீட்டுச் சாமான்களை விற்றார். சோபா பார்க்கப் போனோம். சோபா கதவுக்குள் நுழையாது என்று அளந்து பார்த்துத் தெரிந்தது. மூலையில் ஒரு துணிப்பையில் மெல்லிய கோல் ஒன்று சாய்ந்திருந்தது. அது ஃப்ளை ஃபிஷிங் கோல். இதில் புழு மாட்டுவதில்லை. கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி போலவே ஒன்றைச் செய்து, அந்த நேரத்தில் ஓடையில் பறக்கும் பூச்சி எதுவோ அதைப் போலத் தண்ணீர் மேல் இறக்க வேண்டும். மீன் அதை நம்ப வேண்டும். மீன் நம்புவதற்கு முன் நாம் பூச்சியைப் படித்திருக்க வேண்டும். படிக்க வேண்டும் என்று தெரிந்ததும் வாங்கிவிட்டேன்.

இணையத்தில் இருந்த படங்களெல்லாம் பனிமலை, பச்சைப் புல்வெளி, ட்ரௌட் மீன். இங்கே மொட்டை மலைகளும், நடுவில் வாதி என்று அரபியில் சொல்லும் காய்ந்த ஓடைப் பள்ளங்களும்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் ஊற்று வற்றாத ஒரு வாதி இருக்கிறது. பேரீச்சை மரங்களுக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே, நான்கு குட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிகின்றன. அதில் கெண்டைச் சாதி மீன் ஒன்று உண்டு. பெரியது ஒரு சாண் வரும். வெள்ளி உடம்பு, சந்தேகப் பிராணி. நிழல் விழுந்தால் போதும், காணாமல் போய்விடும்.

அதன் சாப்பாடு மேஃப்ளை. நம் ஊரில் விளக்கைச் சுற்றும் எல்லாவற்றையும் ஈசல் என்று சொல்லிவிடுவோம். இது ஈசல் இல்லை. மாதக்கணக்கில் கல்லுக்கு அடியில் இளம்பூச்சியாக ஒட்டிக்கிடக்கும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, காற்று இல்லாத சாயங்காலங்களில், தண்ணீர் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாக மேலே வரும். தண்ணீரின் மேல்தோலில் நின்றபடியே சட்டையைக் கழற்றி, இறக்கை விரித்து, எழும்பும். முதலில் ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாது. கீழே மீன்கள் ஆரம்பிக்கும். சொட்டு விழுந்தது போல ஒரு வட்டம், பக்கத்தில் இன்னொரு வட்டம். இருபது நிமிடம், அரைமணி நேரம். பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தண்ணீர் கிடக்கும்.

நான் சுற்றிய பூச்சிகளுக்கு நூல் ரூவித் தையல்கடையில் வாங்கியது, ரவிக்கைக்குப் போடும் சாம்பல் நிற நூல். வால், எங்கள் ஜன்னல் ஏசி மேல் குடியிருக்கும் புறாவின் இறகு. கொக்கி அரிசிமணியைவிடச் சிறியது. பிடித்த மீனை ஈரக் கையால் எடுத்து, அளந்து, திரும்ப விட்டுவிடுவேன்.

இதுதான் என் ரூம்மேட்டுக்குத் தாங்கவில்லை. முதல் முறை கூட வந்தவள் பாறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"பிள்ளே, விட்டுட்டியா?"

"விடத்தான் வேணும்."

"இம்புட்டு தூரம் பெட்ரோல் போட்டு வந்து, முடி கணக்கா ஒரு நூல வச்சி ஒரு மீனப் பிடிச்சி, ஸ்கேல் வச்சி அளந்து, திரும்ப வெள்ளத்துல விடுத. எனக்க அப்பன் கேட்டா நடுக்கடல்ல இருந்து சிரிப்பாரு."

"உங்கப்பாகிட்ட சொல்லாத."

"சொல்லுவேன். வாட்ஸாப்புல சொல்லுவேன். குழம்புக்கு ஒண்ணு தா, சொல்லமாட்டேன்."

கொடுக்கவில்லை. அவள் சொல்லிவிட்டாள். அவள் அப்பா அனுப்பிய குரல் பதிவில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு வெள்ளியும் வந்தாள், பாறையில் படுத்துத் தூங்குவதற்கு. ஆஸ்பத்திரியில் இல்லாத ஒரே பொருள் சத்தமின்மை என்பாள்.

நான் நோட்டில் எழுதினேன். முதல் வருடம் ஆர்வத்தில். இரண்டாம் வருடம் ஒப்பிட்டுப் பார்க்க. மூன்றாம் வருடம் முடிந்தபோது எந்த வாரம், எந்தச் சூட்டில், எத்தனை மணிக்குப் பூச்சி கிளம்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் தவறாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைக்கவில்லை.

நான்காவது வருடம் பிப்ரவரியில் வேலை மேசைக்கு ஒரு படிவம் வந்தது. அந்த வாதியின் மூன்றாவது குட்டைக் கரையில் யாரோ நான்கு ஓய்வு வீடுகள் கட்டியிருந்தார்கள், வார இறுதிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட. குடிநீரும் ஓடை நீரும் பரிசோதிக்க வேண்டும். என்னைத்தான் அனுப்பினார்கள். என் ஓடைக்கு என்னையே சம்பளத்தோடு அனுப்புகிறார்கள் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனேன்.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி: பூச்சிகள், உண்டு அல்லது இல்லை. 'உண்டு' என்று குறியிட்டேன். பக்கத்தில் 'மிக அதிகம்' என்று எழுதினேன். நான் எழுதியது பாராட்டு. மேஃப்ளை அழுக்குத் தண்ணீரில் பிழைக்காது. என் தொழிலில் இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு ஓடைக்குக் கிடையாது. இருந்தும் யாராவது தப்பாகப் புரிந்துகொள்ளலாம் என்று குறிப்புப் பத்தியில் மூன்று வாக்கியம் சேர்த்தேன். இவை கடிப்பவை அல்ல. ஓடை ஆரோக்கியமாக இருப்பதன் அடையாளம் இவை. வீடுகளின் வெள்ளை விளக்கை மஞ்சள் விளக்காக மாற்றினால் விருந்தினருக்குத் தொந்தரவு இருக்காது. அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே என் நோட்டிலிருந்த அட்டவணையைத் தட்டச்சு செய்து பின்னிணைப்பாக வைத்தேன். நன்றாக இருந்தது. அதனால் வைத்தேன்.

மார்ச் இரண்டாவது வெள்ளி. தண்ணீரின் சூடு சரியாக இருக்கும், காற்று இருக்காது என்று கணக்கிட்டு இருவரும் போனோம். வழியில் தாமதமாகி, ஆறேகாலுக்குத்தான் கோலைப் பூட்டிக்கொண்டு மூன்றாவது குட்டைக்கு இறங்கினேன். மண்ணெண்ணெய் போல ஒரு வாசனை. பேரீச்சை மரங்களுக்கு நடுவே வெள்ளைப் புகை. புகைக்குள்ளிருந்து முதுகில் டேங்குடன் ஒருவர் வந்தார். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"பாய், உதர் மத் ஜாவ்!" என்றார். பிறகு, நானும் அவளும் பேசிக்கொண்டதைக் கேட்டு, "அட, தமிழா? அந்தப் பக்கம் போகாதீக மேடம். மருந்து அடிச்சிருக்கு."

"என்ன மருந்துண்ணே?"

"கொசு மருந்துதேன். இது புகை. தண்ணி ஓரத்துக்கு வேற டேங்கு, அத மொதல்லயே அடிச்சாச்சு."

"இது கொசு இல்லண்ணே."

"எதுவோ ஒண்ணு. பறக்குது, வெளக்குல விழுகுது, பிரியாணில விழுகுது. தங்குறவுக கத்துறாக." துண்டை இறக்கிச் சிரித்தார். நாற்பது வயதிருக்கும். பரமக்குடிப் பக்கம், எட்டு வருடமாகக் கேம்பில் இருப்பதாகச் சொன்னார். "இந்த லிஸ்டு போட்டவன் பெரிய கில்லாடி மேடம். முன்னாடி மத்த எடத்துலலாம் காலைல போயி அடிச்சிட்டு வருவோம், ஒண்ணும் சாகாது. இப்பப் பாருங்க, ஆறு மணின்னு போட்டுருந்தா ஆறுக்கு டாண்ணு எந்திரிக்குது. அப்படியே மொத்தமா விழுகுது."

டேங்கில் தொங்கிய தாளைத் திருப்பிக் காட்டினார். தலைப்பையும் பின்னிணைப்பு எண்ணையும் எடுத்துவிட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே. எழுத்துருகூட நான் தேர்ந்தெடுத்ததுதான்.

"அது நான் எழுதினது" என்றேன்.

"நீங்களா?" முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "கை குடுங்க மேடம்!"

அந்தக் கையை நான் பிடித்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

குட்டையின் மேல்தோல் முழுக்கப் பூச்சி. சட்டையைப் பாதி கழற்றிய நிலையில், இறக்கை ஒட்டிப்போய், பக்கவாட்டில் கிடந்தன. ஒரு வட்டம்கூட இல்லை. ஓரத்தில் விரல் நீள மீன் ஒன்று சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. என் ரூம்மேட் குனிந்து பார்த்தாள். குழம்பு என்ற சொல்லே வாயில் வரவில்லை.

"பிள்ளே, இதுக்கு வலிப்பு வருது. பாரு, மனுசனுக்கு வருத மாதிரியே வருது."

பிறகு நிமிர்ந்து அவரிடம் கத்தினாள். "அண்ணாச்சி, ஒங்களுக்கு மாஸ்க் எங்க?"

"மாஃபி" என்றார் அவர், இல்லை என்று கையை விரித்து.

"கண்ணு எரியுதா?"

"எரியத்தேன் செய்யும்."

அவரை உட்கார வைத்து எங்கள் குடிதண்ணீரால் கண்ணையும் கையையும் கழுவிவிட்டாள். நான் தாளைக் கைபேசியில் படம் எடுத்தேன். எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று கேட்டேன். சீசனுக்கு ஆறு. இது இரண்டாவது. அடுத்தது வரும் வெள்ளி, ஆறு மணி பத்து நிமிடம். அது எனக்குத் தெரிந்த நேரம்தான்.

வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிறு காலை மேலாளர் அறைக்குப் போனேன். அவரும் தமிழர்தான். சிக்கலான நேரத்தில் மட்டும் ஆங்கிலம் அதிகமாகும்.

"குறிப்புப் பத்தியில மூணு வாக்கியம் இருந்துச்சு சார். ரிப்போர்ட்ல காணோம்."

"ரிப்போர்ட்ல அட்வைஸ் இருக்கக் கூடாதும்மா. டேட்டாதான் இருக்கணும். நீதானே எப்பவும் டேட்டா டேட்டாம்ப?"

"அட்டவணைய மட்டும் எப்படி வெளிய குடுத்தீங்க?"

"அது டேட்டா." நாற்காலியில் சாய்ந்தார். "கிளையண்ட் என்ன கேட்டார்? பூச்சி இருக்கான்னு. நீ உண்டுன்னு டிக் பண்ணிருக்க. மிக அதிகம்னு வேற எழுதிருக்க. கீழ அனுப்பினேன். அவங்க கொட்டேஷன் குடுத்தாங்க. ஃபினிஷ்."

கீழே என்றால் ஒரு மாடி கீழே. பூச்சி மருந்து அடிக்கும் பிரிவு எங்கள் நிறுவனத்தின் இன்னொரு கதவு. அங்கே போகும் வழியில்தான் நாங்கள் டீ குடிக்கிறோம்.

"அது கடிக்காத பூச்சி சார். தண்ணியில மருந்து கலக்குது. அதே தண்ணிய நான் அடுத்த மாசம் போய் டெஸ்ட் பண்ணணும்."

"பண்ணு. அதுக்குத்தான் நாம இருக்கோம்." சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் எரித்தது.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். வாக்கியங்களை வெட்டியவர் மேலாளர். அடிப்பவர் பரமக்குடிக்காரர். கூப்பிட்டவர் அந்த ஓய்வு வீட்டுக்காரர். நேரத்தைச் சொன்னது நான். நான் அந்தத் தாளை எழுதாமல் இருந்திருந்தால் அவர்கள் காலையில் வந்து கண்மண் தெரியாமல் அடித்திருப்பார்கள், முக்கால்வாசி தப்பியிருக்கும். மீனை ஏமாற்றுவதற்காக மூன்று வருடம் பூச்சியைப் படித்தேன். அந்தப் படிப்பு வேறு யாருக்குப் பயன்படும் என்று ஒரு வரி யோசிக்கவில்லை. அன்று முழுக்க மாதிரிகளை எடுத்து எடுத்து அளந்தேன். ஓர் எண்கூடத் தவறவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பேசப் போகிறேன் என்றதும் ரூம்மேட் பயந்தாள். வாடிக்கையாளரிடம் மேலாளரைத் தாண்டிப் பேசுவது எங்கள் இடத்தில் பெரிய குற்றம்.

"கஃபீல் வரைக்கும் போவும் பிள்ளே. நம்ம விசா அவனுக்க கையிலயாக்கும். டிக்கெட் போட்டு அனுப்பிருவானுவ."

"போட்டும்."

"நீ போயிட்டா ரூம் வாடகைக்கு நான் எவள்ட்ட போவேன்?" என்றாள். ஆனால் வியாழன் நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு, வெள்ளியன்று வண்டியில் முதலில் ஏறியவள் அவள்தான்.

வீட்டுக்காரர் ஓமானி, மேலாளர் வயதுதான் இருக்கும். வாசலில் பாய் விரித்து, காவா என்ற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்தார். எனக்குத் தெரிந்த அரபி, அவருக்குத் தெரிந்த இந்தி, நடுவில் கொஞ்சம் ஆங்கிலம் என்று பேசினோம். நான் பாட்டிலில் கொண்டுபோயிருந்த இரண்டு பூச்சிகளைக் காட்டினேன்.

"இது கடிக்குமா?" என்று கேட்டார்.

"இல்லை. இறக்கை முளைத்த பிறகு இது எதுவும் சாப்பிடாது. வாய் வேலை செய்யாது. ஒன்றிரண்டு நாளில் தானாகவே செத்துவிடும்."

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தானாகச் சாவதைக் கொல்ல எனக்கு ஆறு தடவை ஆள் அனுப்புகிறார்கள்."

"ஆமாம்."

"உங்கள் ஆபீஸ் சொன்னது கொசு என்று. டெங்கு வரும் என்றார்கள். பேப்பர் இருக்கிறது என்றார்கள்."

"அந்தப் பேப்பர் நான் எழுதியது. அதில் கொசு என்று எங்கேயும் இல்லை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை நியாயமானது. நான் கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொண்டேன். வெட்டப்பட்ட மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். எழுந்து போய் ஒரு சுவிட்சைப் போட்டார். பகல் போல வெள்ளை விளக்கு எரிந்தது. அணைத்தார். கைபேசியை எடுத்து அரபியில் இரண்டு நிமிடம் பேசினார். கடைசிச் சொல் 'கலாஸ்', முடிந்தது, என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஐந்தரைக்கு வந்து நின்ற மருந்து வண்டி வாசலிலேயே திரும்பிப் போனது. பரமக்குடிக்காரர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

கதையை இங்கே நிறுத்தினால் நான் ஜெயித்தது போல இருக்கும். ஜெயிக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மேலாளர் என்னை அனுப்பிவிடவில்லை. அனுப்பினால் ஆய்வகத்தில் மாதிரி எடுக்கத் தெரிந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். பரமக்குடிக்காரரை லேபர் கேம்ப் அறைகளுக்கு மூட்டைப்பூச்சி மருந்தடிக்க மாற்றிவிட்டார்கள். என் ரூம்மேட்டிடம் எண் வாங்கி வைத்திருந்தவர் ஒருநாள் அழைத்தார். "ஓடையில காத்தாவது வந்துச்சு மேடம். இங்கன ஜன்னலே கெடையாது" என்றார். குறை சொல்லவில்லை, தகவல் சொன்னார். மறுநாள் அவருக்கு மாஸ்க் கேட்டு பாதுகாப்புப் பிரிவுக்கு மனு எழுதினேன். ஐந்து முறை எழுதிய பிறகு கொடுத்தார்கள். பதிலோடு வந்த குறிப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் 'தொந்தரவு' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது.

மிச்ச மார்ச் முழுக்க மூன்றாவது குட்டையில் ஒன்றும் எழும்பவில்லை. கல்லைப் புரட்டினால் வெறும் கல்.

இந்த வருடம் மார்ச் இரண்டாவது வெள்ளி மறுபடி போனோம். வீடுகளில் மஞ்சள் விளக்கு. ஒரு குடும்பம் வெளியே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோலைப் பூட்டவில்லை. தண்ணீரில் இறங்கிக் கற்களைப் புரட்டினேன். முன்பு ஒரு கல்லில் எண்ணி முடிப்பதற்குள் ஓடிவிடும். இப்போது பத்துக் கல்லுக்கு நான்கு. மேல் குட்டைகளிலிருந்து தண்ணீரோடு இறங்கி வந்தவையாக இருக்கும். ஆறு மணி தாண்டியும் மேல்தோல் சும்மா கிடந்தது. கிளம்பலாம் என்று திரும்பியபோது பாறையிலிருந்து ரூம்மேட், "பிள்ளே, அங்க" என்றாள். ஒரு வட்டம். ஒன்றே ஒன்று.

"அதப் பிடிக்கப்போறியா?"

"இல்ல."

"நல்லது" என்று மறுபடி படுத்துக்கொண்டாள்.

நான்கு என்று நோட்டில் எழுதினேன். நேரத்தை எழுதவில்லை. நேரப் பத்தியைக் காலியாக விடுவது எனக்குச் சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் வெளியே போவது போல. ஆனாலும் விட்டேன்.

ஞாயிறு, அலுவலகத்தில் புதிய படிவங்கள் வந்திருந்தன. கடைசி வரியைத் திருத்தியிருந்தார்கள். முன்பு 'பூச்சிகள்' என்று இருந்த இடத்தில் இப்போது 'பூச்சித் தொல்லை, உண்டு அல்லது இல்லை' என்று அச்சாகியிருந்தது. குறிப்புப் பத்தியை எடுத்தே விட்டார்கள்.

ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. தவறை அழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். எனக்கு வேலை கற்றுத்தந்த முதல் நாளில் சொன்ன விதி. என் மேசைக்கு வரும் ஒவ்வொரு படிவத்திலும் அதன்படியே 'தொல்லை' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போடுகிறேன். சுருக்கொப்பம். தேதி. அன்று ஒரு கட்டு முடித்தேன். மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். விதிமுறைப் புத்தகத்தில் பக்கத்தைத் திறந்து காட்டினேன். மூன்றாவது முறை அவர் கூப்பிடவில்லை. இன்னொரு கட்டு வந்திருக்கிறது.